தவராசாவின் மகளுக்குக் கிடைத்த நம்பர்

செப்டெம்பர் 7, வியாழன்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் பெயர் சொல்ல முடியாது. ஆனால் சொன்னேன். முப்பத்தைந்து வருடம் இந்தக் கனடாவில் பனி தள்ளியவன் நான். எந்த அரசாங்கக் கந்தோரின் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது எனக்குத் தெரியும்.

என் தங்கை வதனியின் மகள் தர்சிகாவை இன்று காலை சின் நம்பர் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். சின் நம்பர் என்பது அரசாங்கம் தரும் ஒன்பது இலக்கம். அது இல்லாமல் இங்கே ஒருவரும் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. பிள்ளை சாவகச்சேரியிலிருந்து படிக்க வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. படிப்பு, மருந்தக உதவியாளர். வந்த முதல் வாரமே கல்லூரிக்குப் பக்கத்துப் பாமசியில் பகுதிநேர வேலையும் பேசி வைத்துவிட்டாள். என் இரத்தம் அல்லவா! கடைக்காரி கோரா என்கிற பிலிப்பைன்ஸ் மனுசி ஐம்பது மருந்துப் பெட்டிகளைக் கலைத்துப் போட்டு, லேபலை வாசித்து அடுக்கச் சொன்னாளாம். இவள் ஒரு பிழை இல்லாமல் அடுக்கினாளாம். நம்பரோடு வந்தால் வேலை, ஒக்டோபர் பத்தாம் திகதி வரை இடம் வைத்திருப்பேன் என்று கோரா சொல்லியிருக்கிறாள். ஒக்டோபரிலிருந்து தனக்குக் காசு ஒன்றும் அனுப்பவேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் பிளேன் ஏறிய பிள்ளை.

கந்தோரில் என்னைக் கண்டதும் காவலாளி எழுந்து நின்றான். கதவு திறக்கும் நேரமாகவும் இருந்தது. உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண் தர்சிகாவின் மாணவர் அனுமதிப் பத்திரத்தை வாங்கினாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். “படிக்கும்போது வேலை செய்யலாம் என்கிற வரி இதில் இல்லை. அந்த வரி இல்லாமல் நம்பர் தர முடியாது” என்றாள். நான் என்னுடைய ஆங்கிலத்தில் பத்து நிமிடம் விளக்கினேன். அவள் என் தோளுக்கு மேலால் பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். என் பேச்சில் கலங்கிப் போயிருக்கவேண்டும்.

இதில் என் பிழை ஒன்றும் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஜனவரியில் மளிகைக் கடைக்காரர் இனாமாகத் தந்த இந்த டயரி எட்டு மாதமாகச் சும்மாதான் கிடந்தது.

பிள்ளை வந்து இறங்கியது ஓகஸ்ட் இருபத்தாறு, சனிக்கிழமை. அன்று மார்க்கம் மண்டபத்தில் கட்டிட வேலைக்காரர் நாகேஸ்வரனின் மகளுக்குச் சாமத்திய வீடு, அதாவது பூப்பு நீராட்டு விழா. ஆயிரத்து இருநூறு பேர். அறிவிப்பாளர் நான். ஆறு மணிக்கு நான் மைக்கைப் பிடிக்காவிட்டால் பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வரமாட்டார்கள். பிளேன் மூன்று மணிக்கே வந்துவிட்டது. மாணவர் அனுமதிப் பத்திரத்தை விமான நிலையத்துக்குள்ளே குடிவரவு அதிகாரிதான் அடித்துக் கொடுப்பார், அதற்கு வரிசை. நாலரையாகியும் தர்சிகாவைக் காணவில்லை. பிறகு கதவால் வெளியே வந்து, என் காரைத் தேடிக்கொண்டே போன் எடுத்தாள். “மாமா, வெளியில வந்திட்டன். பேப்பரில வேலை செய்யிற வரி இல்லை. வாங்கேக்க அதைப் பாக்கச் சொல்லி என்னை அனுப்பின ஏஜென்சியில சொன்னவை” என்றாள். வெளியே வந்த பிறகு திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இனி என்ன செய்வது? பிள்ளையின் மனம் உடையக்கூடாதே என்று, “அதொண்டும் தேவையில்லை பிள்ளை. எங்கட தவராசாவின்ர மகளும் உப்பிடித்தான் வந்தவ. வரியில்லாமலே நம்பர் எடுத்தவ” என்று தேற்றினேன். அவ்வளவுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி புஸ்பா தொடங்கிவிட்டாள். “படிச்ச பிள்ளை, ஒரு பேப்பரைக் கையில வாங்கேக்க வாசிக்கிறதில்லையே?”

தர்சிகா என்னைப் பார்த்தாள்.

மீன் குழம்பு நல்லாயிருக்கிறது என்று நான் சொன்னேன்.

செப்டெம்பர் 9, சனி

புல் வெட்டினேன். பக்கத்து வீட்டு இத்தாலியன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் வெட்டைப் பார்த்து வியந்தான்.

தர்சிகா தேத்தண்ணி கொண்டு வந்து தந்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“மாமா, தவராசா மாமாவின்ர மகள் எந்தக் கந்தோரில நம்பர் எடுத்தவ?”

“அஜக்ஸில.”

“அவவின்ர பேர் என்ன?”

“பிரசாந்தி.”

யோசிக்காமலே பெயர் வந்தது. என் ஞாபகசக்தி அப்படி.

செப்டெம்பர் 12, செவ்வாய்

அஜக்ஸ் கந்தோருக்குப் போனோம். அதே பதில். இங்கே இருந்தவள் சிரித்துக்கொண்டு சொன்னாள், அதுதான் வித்தியாசம்.

திரும்பி வரும்போது தர்சிகா சொன்னாள்: “மாமா, காலேஜில வெளிநாட்டுப் பிள்ளையளுக்கெண்டு ஒரு அட்வைசர் இருக்கிறா. நேற்று அவவிட்டைக் கேட்டனான். பேப்பரைத் திருத்தித் தரச்சொல்லி ஒரு விண்ணப்பம் அனுப்பலாமாம். சில கிழமை, ஒரு மாதமெண்டாலும் எடுக்குமாம். இண்டைக்கே அனுப்பினா பத்தாம் திகதிக்கு முன்னம் வந்தாலும் வரும் எண்டு சொன்னவ. அனுப்பட்டா?”

“அவசரப்படாதை பிள்ளை. பிழையெண்டு நாங்களே எழுதிக் குடுத்தா உன்ர பேரில ஒரு ஃபைல் திறந்திடுவாங்கள். பிறகு வாழ்நாள் முழுக்க அதைத் தூக்கித் தூக்கிப் பாப்பாங்கள். பிரசாந்தி ஒரு கடிதமும் எழுதேல்லை.”

“அவ அஜக்ஸில எடுத்தவ எண்டுதானே சொன்னீங்கள்?”

“அஜக்ஸில விசாரிச்சவ. எடுத்தது பீற்றர்பரோவில.”

அந்த நேரம் பார்த்து ஒரு லொறி குறுக்கே வந்தது. லொறி வரும்போது மனிதன் யோசித்துப் பேச முடியாது.

“சரி மாமா, நீங்கள் சொன்னாச் சரி” என்றாள். மடியில் இருந்த ஃபைலை மூடி, ரப்பர் பட்டியைப் போட்டாள்.

அட்வைசரின் வயது இருபத்தெட்டு இருக்குமாம். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது அவள் பிறக்கவே இல்லை.

செப்டெம்பர் 15, வெள்ளி

ஒன்றும் இல்லை. பச்சைக் குப்பை வாளியை வெளியே வைத்தேன். அணில் மூடியைத் திறந்துவிட்டது.

செப்டெம்பர் 17, ஞாயிறு

இன்று ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. அறிவிப்பு நான்தான். மண்டபம் நிறைந்த கூட்டம். என் குரலைக் கேட்டதும் சமையல்காரர் கூட வெளியே வந்து நின்றார்கள்.

சாப்பாட்டு மேசையில் தர்சிகாவின் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கந்தோரையும் நான் எப்படிக் கலக்கினேன் என்பதையும், பிரசாந்தி பீற்றர்பரோவில் வரியில்லாமல் நம்பர் எடுத்ததையும் சொன்னேன். எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். சிவசோதி மட்டும் கோழிக் காலைக் கீழே வைத்தார். அவர் ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். யாருக்கு எத்தனை பிள்ளை, எந்த வீட்டுக்கு என்ன கடிதம் என்று இன்னமும் மனதில் வைத்திருக்கிற ஆள்.

“குணம் அண்ணை, ஆர் அந்தத் தவராசா? உங்களோட டாக்சி ஓடின தவராசாவே?”

“ஓம்.”

“அவருக்கு ரெண்டும் பெடியளெல்லோ!”

“இது வேற தவராசா. கல்கரியில இருக்கிறவர்.”

“கல்கரியில இருக்கிறவற்ற மகள் என்னத்துக்கு அண்ணை நாலு மணித்தியாலம் பிளேனில பறந்து பீற்றர்பரோவில வந்து நம்பர் எடுத்தவ?”

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நல்ல பகிடி. அதோடு கேக் வெட்ட நேரமாகிவிட்டதென்று மைக்குக்கு எழுந்து போய்விட்டேன்.

தர்சிகா என் கதிரைக்குப் பின்னால் ஐஸ்கிரீம் கோப்பையோடு நின்றிருக்கிறாள். பாட்டுச் சத்தம் பலமாக இருந்தது. ஒன்றும் கேட்டிருக்காது.

செப்டெம்பர் 21, வியாழன்

பீற்றர்பரோ. போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம், உள்ளே மூன்று நிமிடம். தர்சிகா ஒரு வகுப்பைத் தவறவிட்டுத்தான் வந்தாள்.

அங்கே இருந்தவர் வயதான வெள்ளைக்காரர். பத்திரத்தைப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “மகளே, நீ எந்த ஊர்க் கந்தோருக்குப் போனாலும் இதே பதில்தான். பத்திரத்தை முதலில் திருத்து.”

எப்போது வாங்கினாய் என்றும் கேட்டார். ஓகஸ்ட் இருபத்தாறு என்றாள். அவர் நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை.

காரில் பாதி வழி வரைக்கும் அவள் தன் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் இரண்டு பகிடி விட்டேன்.

“மாமா, அந்தப் பிரசாந்தி அக்காவின்ர போன் நம்பரைத் தாங்கோவன். நானே கேக்கிறன்.”

“அவ நம்பர் மாத்திப்போட்டா பிள்ளை.”

“நான் ஃபேஸ்புக்கில தேடினனான். பிரசாந்தி தவராசா எண்டு பதினாலு பேர் இருக்கினம். எல்லாருக்கும் எழுதினனான். ரெண்டு பேர் பதில் போட்டவை. ஒராள் பிரான்சில. மற்ற ஆள் சிங்கப்பூரில டீச்சர். அவ பாவம், தான் கனடாவுக்கே வரேல்லை, ஆனா எனக்கு நம்பர் கிடைக்கோணும் எண்டு கும்பிடுறன் எண்டு எழுதியிருக்கிறா.”

எனக்கு வேர்த்தது. ஹீட்டரைக் குறைத்தேன். பிறகு பார்த்தால், ஹீட்டர் போடவே இல்லை.

செப்டெம்பர் 24, ஞாயிறு

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காய் பழசாக இருந்திருக்கவேண்டும்.

நான் முதன்முதலில் சின் நம்பர் எடுத்த கதையைத் தர்சிகாவுக்குச் சொல்லி உற்சாகமூட்டினேன். எண்பத்தெட்டில், ஐந்தே நிமிடத்தில், அதிகாரி எழுந்து கைகொடுத்து ‘வெல்கம் டு கனடா’ என்று சொன்ன கதை. புஸ்பா அடுப்படியிலிருந்து வந்து இடையில் விழுந்தாள்.

“இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளைக்கு ஏன் உந்தப் புழுகு? மூண்டு தரம் போய் மூண்டு தரமும் திருப்பி அனுப்பினவங்கள். கந்தோர் வாசல் படியில இருந்து அழுதனீங்கள். நீங்களே என்னைக் கலியாணம் முடிச்ச புதுசில சொன்னனீங்கள். ஒரு தெரியாத மனுசன் வந்து உங்கட பேப்பரை வாசிச்சு, ‘தம்பி, உதில திகதி பிழை, திருத்திக்கொண்டு வா’ எண்டு உள்ளதைச் சொன்னபடியால்தானே எடுத்தனீங்கள்?”

“அது வேற நம்பர்” என்றேன்.

“எத்தினை நம்பரப்பா உங்களுக்கு?”

தர்சிகா சிரித்தாள். இந்த மாதத்தில் இன்றுதான் அவள் சிரித்துப் பார்க்கிறேன். சிரித்துவிட்டுக் கீழே தன் அறைக்குப் போய்விட்டாள்.

செப்டெம்பர் 26, செவ்வாய்

பிள்ளை திருத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

செப்டெம்பர் 28, வியாழன்

கல்லூரிக்கு நானும் போனேன். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பயம் இருக்கும். அட்வைசரின் பெயர் ஹானா. எனக்குக் கோப்பி தரவா என்று கேட்டாள். என் தோற்றத்துக்குக் கிடைத்த மரியாதை.

விண்ணப்பத்தோடு ஒரு விளக்கக் கடிதம் வைக்கவேண்டுமாம். ஹானா கேட்கக் கேட்கத் தர்சிகா சொன்னாள், ஹானா தட்டெழுதினாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான். நான் விளங்கிய மட்டில் எழுதுகிறேன்.

“வரி இல்லாமலே நம்பர் எடுத்த மாணவி ஒருத்தியைப் பற்றி முதல் தரம் வந்தபோது சொன்னாயே, அவளுடைய பெயரையும் போடலாம். உதவும். முழுப்பெயர் என்ன?” என்றாள் ஹானா.

தர்சிகா என் பக்கம் திரும்பினாள். ஹானாவும் திரும்பினாள். கணினித் திரையில் மேலே தர்சிகாவின் பெயர், பிறந்த திகதி, பாஸ்போட் இலக்கம். கீழே வெறும் இடம். அங்கே ஒரு கோடு மின்னி மின்னி நின்றது.

“அந்தப் பிள்ளைக்கு விளம்பரம் பிடிக்காது” என்றேன்.

“விளம்பரம் இல்லை. அரசாங்கத்துக்கு மட்டும்தான்.”

“அரசாங்கத்தையும் பிடிக்காது.”

தர்சிகா ஹானாவிடம் சொன்னாள்: “அதை விட்டுவிடுவோம். மாமாவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.” ஹானாவும் சரி என்று அடுத்த கேள்விக்குப் போனாள். நான் கொடுத்த குறிப்பைப் பிள்ளை பிடித்துக்கொண்டாள், கெட்டிக்காரி.

அடுத்த கேள்வி இது: “அந்த வரியைப் பார்க்கவேண்டும் என்று உனக்குத் தெரியும் என்கிறாய். பத்திரத்தைத் தந்த அதிகாரியிடமே ஏன் கேட்கவில்லை? அங்கேயே இரண்டு நிமிடத்தில் சரி செய்திருக்கலாமே.”

நான் கோப்பியைக் குடித்தேன். அது ஆறிவிட்டிருந்தது.

“களைப்பு. நான் கவனிக்கவில்லை. என்னுடைய கவனக்குறைவு” என்றாள் தர்சிகா.

ஹானா அதை அப்படியே அடித்தாள். தர்சிகா கையெழுத்துப் போட்டாள். அப்படிச் சொன்னது ஒரு வகையில் நல்ல உத்திதான். அரசாங்கத்துக்குப் பணிவு பிடிக்கும்.

லிப்டில் இறங்கும்போது கேட்டாள்: “மாமா, பிரசாந்தி எண்டு ஒருத்தரும் இல்லை, என்ன?”

லிப்டில் இன்னும் இரண்டு மாணவர்கள் நின்றார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாதுதான். இருந்தாலும் பிறர் முன்னால் குடும்ப விஷயம் பேசுவது அழகில்லை.

கார் நிறுத்திய இடத்தில் சொன்னேன், “இல்லை” என்று.

“தெரியும் மாமா. சிவசோதி அங்கிள் கேட்ட அண்டைக்கே தெரியும்.”

“அப்ப ஏன் பிள்ளை என்னோட பீற்றர்பரோவுக்கு வந்தனி?”

“நீங்கள் காரை எடுத்துக்கொண்டு வாசலில வந்து நிண்டிட்டீங்கள். மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

சீற் பெல்ட் போடுவதற்கு எனக்கு நான்கு தரம் எடுத்தது.

செப்டெம்பர் 30, சனி

வதனி வீடியோவில் வந்தாள். நான் மேசையில் இருந்து உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். புஸ்பா எல்லாவற்றையும் ஏற்கனவே சொல்லிவிட்டாள் போல. தங்கை தன் மகளை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

“உனக்குக் கண் எங்கையடி இருந்தது? ஏஜென்சிக்காரன் என்ர முன்னுக்கு வைச்செல்லோ சொன்னவன், வாங்கின உடன வாசி, இல்லாட்டி அங்கையே கேள் எண்டு! சின்னப் பிள்ளையே நீ?”

“பிழைதான் அம்மா.”

“அண்ணை, நீங்கள் இல்லாட்டி இவள் என்ன செய்வள்? மூண்டு கந்தோருக்கு உங்கட வேலையையும் விட்டிட்டு ஏத்திக்கொண்டு திரிஞ்சியளாமே. உங்களுக்கு நாங்கள் என்ன செய்யப் போறம்?”

“அதொண்டுமில்லை” என்றேன்.

இதுவரை நான் சொன்னவற்றிலேயே மிகச் சிறிய புழுகு இதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் இது உண்மையில்லை.

தர்சிகா என் பக்கத்தில் இருந்து உரித்த உள்ளியைக் கோப்பையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒக்டோபர் 3, செவ்வாய்

திருத்திய பத்திரம் தபாலில் வரவில்லை.

ஒக்டோபர் 4, புதன்

வரவில்லை. தபால்காரிக்கு என் பெயர் இப்போது மனப்பாடம்.

ஒக்டோபர் 6, வெள்ளி

தர்சிகா இன்று பாமசிக்குப் போய், இன்னும் மூன்று கிழமை பொறுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அடுப்படியில் புஸ்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் படியில் நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை, முழங்கால் வலி, அதனால் நின்றேன்.

“என்னவாம் பிள்ளை?”

“பத்தாம் திகதி வரைக்கும்தானாம் மாமி. ஏன் பிந்தினதெண்டு கேட்டா. என்ர பேப்பரை வாங்கேக்க நான் வாசிக்கேல்லை எண்டு சொன்னன்.”

“அதுக்கு?”

“இந்த வேலையே வாசிக்கிற வேலைதானாம். ஒரு சொல்லை விட்டா ஆள் செத்துப் போயிடுமாம். உன்ர சொந்தப் பேப்பரை வாசிக்காத நீ மற்றவன்ர மருந்தை எப்பிடி வாசிப்பாய் எண்டு கேட்டா.”

“அவளுக்கென்ன அவ்வளவு வாய்!”

“அவ சொன்னது சரிதானே மாமி.”

ஐம்பது பெட்டியை ஒரு பிழை இல்லாமல் அடுக்கிய பிள்ளை.

சட்டியில் கருவேப்பிலை போட்ட சத்தம் கேட்டது. நான் ஏறிய படிகளில் திரும்ப இறங்கி, குளிருக்கு முன் வெளியே உள்ள தண்ணீர்க் குழாயைப் பூட்டவேண்டும் என்று கராஜுக்குப் போனேன். அது ஏற்கனவே பூட்டித்தான் இருந்தது. கதிரையில் இருந்தேன்.

ஒக்டோபர் 8, ஞாயிறு

ஒரு கலியாண வீட்டுக்கு அறிவிப்புக்குக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொன்னேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் 10, செவ்வாய்

காலையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பாமசிக்குப் போனேன். தர்சிகாவுக்குச் சொல்லவில்லை.

கோரா ஐந்தடி கூட இல்லாத மனுசி. கண்ணாடி நெற்றியில். என்னை மருந்துக்கு வந்தவன் என்று நினைத்துச் சீட்டைக் கேட்டாள். இரண்டு நாளாகப் பேசிப் பழகிய ஆங்கிலம், ஆயிரம் பேர் முன்னால் நடுங்காத நாக்கு, எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. “தர்சிகா என் மருமகள்” என்றேன். “அவள் வாசித்தாள். வாசித்தவள். நான்தான் விடவில்லை” என்றேன். அதையே இன்னும் ஒரு தரம் சொன்னேன். வேறு சொல் வரவில்லை.

கோரா கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தாள்.

“வாசித்தாளா?”

“வாசித்தாள். உடனே. நீங்கள் அடுக்கச் சொன்ன பெட்டிகளைப் போல.”

“வெள்ளிக்கிழமை இங்கே நின்றுகொண்டு தான் வாசிக்கவில்லை என்று என்னிடம் சொன்னாளே?”

“எனக்காகச் சொன்னாள்.”

அவளுக்குப் பின்னால் அலுமாரிப் பக்கம் ஒரு பெண் புதுப் பெயர்ப் பட்டி குத்திக்கொண்டு நின்று, புதிதாக வந்த மருந்துப் பெட்டி ஒன்றை வெட்டித் திறந்துகொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கோரா கண்டாள்.

“இன்று காலை தொடங்கிவிட்டாள். இதைச் சொல்ல நீங்கள் வெள்ளிக்கிழமையே வந்திருக்கலாம்” என்றாள்.

வந்திருக்கலாம். சனிக்கிழமையும் கடை திறந்திருந்தது.

“நம்பர் கிடைத்தால் அவளை வந்து என்னைப் பார்க்கச் சொல்லுங்கள். இடம் இருக்கும் என்று சொல்லவில்லை, வரச்சொல்லுங்கள்” என்றாள் பிறகு. கோரா அழுதாள், என் கையைப் பிடித்து நீ பெரிய மனிதன் என்றாள் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. அவள் எனக்குப் பின்னால் நின்ற கிழவரிடம் சீட்டை வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து புஸ்பாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கழுவிய கோப்பைகளையே எடுத்துத் திரும்பக் கழுவினாள். “அந்தப் பிள்ளையை என்ர வாயால எவ்வளவு பேசிப்போட்டன்” என்று மட்டும் சொன்னாள். வதனிக்கும் போன் எடுத்துச் சொன்னேன். அங்கே இரவாகிவிட்டது. நித்திரைக் கலக்கத்தில் இருந்தவள், “சரி அண்ணை” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சரி” என்று இன்னொரு தரம் சொன்னாள். முன்பென்றால் போனை வைக்க விடமாட்டாள்.

நாலு மணிக்குத் தர்சிகா வகுப்பு முடிந்து வந்தாள். பாமசிக்குப் போனதையும், எல்லோரிடமும் சொன்னதையும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“ஏன் மாமா சொன்னீங்கள்? முடிஞ்ச விசயம்தானே.”

“நீ ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“வந்து இறங்கி முதல் நாள். உங்கட வீட்டிலதான் இருக்கோணும்” என்றாள். “ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?”

கோபமாகச் சொல்லவில்லை. சப்பாத்துகளைச் சோடியாக வைத்துவிட்டுக் கீழே போனாள்.

இனி, முதல் நாள் பக்கத்தில் நான் எழுதியதைத் திருத்தவேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழித்தால் இன்னொரு கதை எழுதிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். தர்சிகா போன் எடுத்தபோது கதவுக்கு வெளியே வந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அது நானாகக் கட்டியது. அவள் உள்ளேதான் நின்றாள். “மாமா, அந்த வரி இல்லை. ஒஃபிசர் முன்னாலதான் இருக்கிறார். கேக்கட்டா?” என்றாள். நேரம் நாலு நாற்பது. எனக்கு ஆறு மணிக்கு மைக். கேட்டால் இன்னொரு மணித்தியாலம் இருத்தி வைப்பார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் தவராசாவுக்கு மகள் பிறந்தாள். கேட்காதே, வா என்றேன். அந்த அதிகாரி “எல்லாம் சரியா?” என்று அவளிடம் கேட்டது போனில் எனக்கும் கேட்டது. ஓம், எல்லாம் சரி என்று அவள் சொன்னதும் கேட்டது.